வெங்காய வண்டியின் குரலை நான் தொலைத்த விதம்

இருபத்தொரு வயதில் ஓய்வு பெறுகிறவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். நான் பெறுகிறேன். நம் கல்லூரி விஸ்காம் துறை ஸ்டூடியோவுக்கு இரண்டு வருடம் மாணவப் பொறுப்பாளராக இருந்துவிட்டு இந்த வெள்ளிக்கிழமையோடு சாவியை ஒப்படைக்கிறேன். வழியனுப்பு விழாவில் எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். அதைப் போர்த்திக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். திருச்சி வெயிலில் சால்வையோடு உட்கார ஒரு தனி மனநிலை வேண்டும். அது இப்போது என்னிடம் தாராளமாக இருக்கிறது.

புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது சொல்லிவிட்டுப் போ என்று துறையில் கேட்டார்கள். மைக்கை எப்படிப் பிடிப்பது, வெளிச்சத்தை எங்கே வைப்பது என்பதெல்லாம் இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. என்னைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். படைப்பாற்றல் என்றால் என்ன என்று முதல் வருடத் தேர்வில் ஒரு பெரிய கேள்வி வரும். நான் நான்கு பக்கம் எழுதி நல்ல மார்க் வாங்கினேன். அந்த நான்கு பக்கத்தில் ஒரு வரிகூட இன்று ஞாபகம் இல்லை. ஞாபகம் இருப்பது ஒரே ஒரு வாரம். அந்த வாரத்தில் நான் செய்த முட்டாள்தனத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

ஐந்தாம் செமஸ்டரில் ஐந்து நிமிட ஆவணப்படம் ஒன்று எடுக்க வேண்டும். மூன்று பேர் ஒரு குழு. கேமராவுக்கு ரியாஸ். எடிட்டிங்குக்கு ஸ்ரீரங்கத்துப் பெண் ஸ்ரீநிதி. ஒலிக்கு உறையூர் கௌசல்யாவாகிய நான். எங்கள் மேடம் தலைப்பெல்லாம் கொடுக்கவில்லை. இரண்டே நிபந்தனைகள்தான் போட்டார். முதலாவது, படம் எப்படி ஆரம்பிக்கக் கூடாது என்பது.

“கோபுரத்தைக் காட்டி ஆரம்பிச்சா மார்க் கிடையாது. சூரியன் உதிக்கிறதைக் காட்டி ஆரம்பிச்சாலும் கிடையாது.”

வகுப்பில் பாதிப் பேருக்கு அங்கேயே படம் முடிந்துபோனது. ஸ்ரீநிதியின் முகம் வாடிவிட்டது. அவள் வீட்டு மொட்டை மாடியில் நின்றாலே கோபுரமும் சூரியனும் ஒன்றாகக் கிடைக்கும்.

இரண்டாவது நிபந்தனை இது. யாரைப் படம் எடுக்கிறோமோ அவர்களையும் திரையிடலுக்கு அழைத்து வர வேண்டும். “அவங்க முகத்துக்கு நேரா போட்டுக் காட்டுற தைரியம் இருந்தா மட்டும் எடுங்க” என்றார் மேடம். அப்போது அது ஒரு பெரிய விஷயமாகப் படவில்லை.

நாங்கள் மூன்று பேரும் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து யோசித்தோம். யோசித்தோம் என்றால், நான் வானத்தைப் பார்த்தேன், ரியாஸ் மூன்று சமோசா சாப்பிட்டான். அப்போது ஒரு லோடு ஆட்டோ கடந்து போனது. கூம்பு ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல்.

“வாங்கம்மா வாங்க! உங்க தெருவுக்கே, உங்க வாசலுக்கே வந்திருக்கோம்! சின்ன வெங்காயம், பல்லாரி வெங்காயம்... கண்ணீர் வராத வெங்காயம்மா!”

ஸ்ரீநிதி டம்ளரை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். “ஏன்டி, இதே குரல்தான் எங்காத்துத் தெருவுல பாய் விக்கறது!”

ரியாஸ் சமோசாவை வாயில் வைத்தபடியே நின்றான். “இந்த அக்காதான் எங்க உம்மாகிட்ட கொசுவலை வித்தாங்க. வாங்கினப்புறம்தான் தெரிஞ்சுது, எங்க வீட்டுல ஏற்கெனவே ரெண்டு இருக்குன்னு.”

எனக்கும் பொறி தட்டியது. உறையூரில் பிளாஸ்டிக் குடம், தென்னந்துடைப்பம், பழைய இரும்பு எல்லாவற்றுக்கும் இதே குரல்தான். இந்த ஊரிலேயே அதிகம் பேர் கேட்ட குரல் இது. ஆனால் யாருடைய குரல் என்று ஒருவருக்கும் தெரியாது.

மூன்று பேரும் ஆட்டோவுக்குப் பின்னால் ஓடினோம். டீக்கடைக்காரர் எங்களுக்குப் பின்னால் ஓடி வந்தார். அவரிடம் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு மறுபடி ஓடி, சிக்னலில் ஆட்டோவைப் பிடித்தோம். டிரைவர் மாரியண்ணன் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

“வெங்காயத்துக்கா இப்படி ஓடி வர்றீங்க?”

“வெங்காயம் வேணாம்ண்ணே. இந்தக் குரல் யாரோடது?”

“அது பென் டிரைவுங்க. புத்தூர்ல ஒரு செல்போன் கடை இருக்கு. அங்க ஒரு அக்கா பேசிக் குடுக்கும்.”

அன்று சாயங்காலமே புத்தூர் போனோம். ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் ஒரு சின்னக் கடை. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் எங்களைவிடப் பத்து வயது மூத்த ஒரு பெண் உட்கார்ந்து, செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் விமலா அக்கா. நாங்கள் வந்த விஷயத்தைச் சொன்னதும், பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காத குரலில், “படமா? என்னையா? நான் என்ன பாப்பா பண்ணிட்டேன்?” என்றார். திருச்சியையே கூப்பிட்டு விற்கிற குரல் அந்தத் தொண்டைக்குள் எங்கே இருக்கிறது என்று நான் தேடினேன்.

சனிக்கிழமை பேட்டி. கடைக்குப் பின்னாலேயே அவர் வீடு. எப்படிப் பதிவு செய்கிறீர்கள் என்று கேட்டேன். அக்கா எழுந்து போய் பீரோவைத் திறந்தார். தொங்கிக்கொண்டிருந்த புடவைகளுக்கு நடுவே தலையை விட்டுக்கொண்டார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

“வாங்கம்மா வாங்க!”

ரியாஸ் கேமராவைப் பிடித்தபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். அந்தக் காட்சி முழுக்க ஆடிக்கொண்டே இருக்கும். அக்கா தலையை வெளியே எடுத்து, “புடவை இருந்தாத்தான் எதிரொலி வராது. பட்டுப்புடவை சரிப்படாது, காட்டன்தான்” என்றார் மிகவும் சீரியஸாக. நம் ஸ்டூடியோச் சுவரில் ஒட்டியிருக்கும் பஞ்சு அட்டைகளுக்கு என்ன வேலையோ, அதே வேலையை அவர் வீட்டுப் புடவைகள் செய்துகொண்டிருந்தன.

இரண்டு மணி நேரம் பேசினார். வெங்காயத்துக்குச் சிரித்துக்கொண்டே பேச வேண்டும், கொசுவலைக்கு மெதுவாக, தூக்கம் வருகிற மாதிரி பேச வேண்டும் என்றார். ஒருநாள் மத்தியானம் வாசலில் “வாங்கம்மா வாங்க” என்று சத்தம் கேட்டு, அரைத் தூக்கத்தில் எழுந்து போய் இரண்டு கிலோ வெங்காயம் வாங்கிக்கொண்டு உள்ளே வந்த பிறகுதான் அது தன் குரல் என்பதே உறைத்ததாம். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உலகத்திலேயே பெரிய ஒலிப்பதிவாளர் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். கேமராவில் சத்தம் பதிவாக வேண்டாம், அணைத்துவிடு என்று ரியாஸிடம் சொன்னதும் நான்தான். “தனி ரெக்கார்டர் இருக்கறப்போ அந்தக் குப்பைச் சத்தம் எதுக்குடா?” என்றேன். அவன் இரண்டு முறை கேட்டான். நான் இரண்டு முறையும் வேண்டாம் என்றேன். கடைசியில் அக்காவிடம் நான் ஒரு பெரிய கேள்வி கேட்டேன். “உங்க குரல்னா உங்களுக்கு என்னக்கா?” அவரும் ஏதோ சொன்னார்.

திங்கட்கிழமை ஸ்டூடியோவில் காதில் பாட்டு ஓட, நாற்காலியில் சுற்றிக்கொண்டே வேலை பார்த்தேன். நல்ல சந்தோஷம். மேஜையில் இரண்டு மெமரி கார்டுகள் இருந்தன. ஒன்று என் ரெக்கார்டரின் கார்டு, இன்னொன்று ரியாஸின் பழைய கார்டு. அதை ஃபார்மட் செய்தேன். எல்லாவற்றையும் அழிக்கட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆமாம் என்றேன். நிச்சயமாகவா என்று மறுபடி கேட்டது. பாட்டின் தாளத்துக்கு ஆமாம் என்றேன். பிறகு இன்னொரு கார்டைச் செருகினேன். அதில் ரியாஸின் அக்கா கல்யாணப் படங்கள் இருந்தன.

அப்படியானால் நான் அழித்தது எது என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்குப் புரிய அரை நிமிடம் பிடித்தது. பாட்டு மட்டும் காதில் ஓடிக்கொண்டே இருந்தது.

அழிந்ததை மீட்கிறேன் என்று மூன்று பேரும் என்னென்னவோ செய்து பார்த்தோம். துண்டு துண்டாக ஃபேன் ஓடும் சத்தம் மட்டும் வந்தது. சரி, மறுபடி போய்ப் பேசச் சொல்லிப் பதிவு செய்யலாம் என்று புத்தூருக்கு ஓடினோம். அக்கா கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் சிரித்தார். பிறகு ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிக் காட்டினார்: “தொண்டையில வீக்கம். டாக்டர் ரெண்டு வாரம் பேசவே கூடாதுன்னுட்டாரு.”

திரையிடல் அந்த வெள்ளிக்கிழமை காலையில்.

கார்டு அழிந்ததை நான் அக்காவிடம் சொல்லவில்லை. “சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தோம்க்கா” என்றேன். அவர் நோட்டில் “டீ சாப்பிடுங்க” என்று எழுதினார். குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

புதன்கிழமை மத்தியானம் ஸ்ரீநிதிதான் அந்த யோசனையைச் சொன்னாள். குரலைப் போலி செய்யும் மென்பொருள் இருக்கிறது. ஒருவர் பேசிய பதிவைக் கொடுத்தால், நாம் எழுதித் தருவதை அவர் குரலிலேயே பேசும். அக்காவின் வெங்காயமும் பாயும் கொசுவலையும் அடங்கிய பென் டிரைவை மாரியண்ணன் படத்துக்காக எங்களுக்கு ஏற்கெனவே கொடுத்திருந்தார். சுத்தமான குரல், புடவைக்குள் பதிந்தது. வேறென்ன வேண்டும்?

பேட்டியில் அக்கா சொன்னதை நினைவிலிருந்து எழுதினோம். முதலில் சரியாகத்தான் போனது. அவர் பிறந்தது, படித்தது, அப்பா இறந்தது, கடை வைத்தது. அதை மென்பொருளில் போட்டு அழுத்தினேன். ஒலிபெருக்கியில் அக்காவின் குரல் உற்சாகமாகக் கிளம்பியது.

“எனக்குப் பத்து வயசு இருக்கும்போது எங்க அப்பா இறந்துட்டாரும்மா!”

மூன்று பேரும் உறைந்து போனோம். வெங்காயம் விற்கிற அதே குரல், அதே துள்ளல். “இறந்துட்டாரும்மா” என்பது ஏதோ இன்று மட்டும் கிடைக்கிற சலுகை போல ஒலித்தது. ஸ்ரீநிதி முதலில் வாயைப் பொத்தினாள். அப்புறம் “ரங்கா! ரங்கா!” என்று மேஜையில் தலையை வைத்துக்கொண்டாள். அடுத்த வரியும் வந்தது. “நாங்க ரொம்பக் கஷ்டப்பட்டோம், வாங்கம்மா வாங்க!” அந்த “வாங்கம்மா வாங்க”வை நாங்கள் எழுதவேயில்லை. மென்பொருள் தானாகச் சேர்த்துக்கொண்டது. ரியாஸ் தரையில் உட்கார்ந்துவிட்டான். கண்ணில் நீர் வரச் சிரித்தோம். கண்ணீர் வராத வெங்காயம் என்று அக்கா சொன்னது பொய் என்றான் ரியாஸ்.

பிறகு ஸ்ரீநிதி கொசுவலைப் பதிவை மட்டும் தனியாக எடுத்துக் கொடுத்தாள். மெதுவான குரல். இப்போது பிசிறில்லாமல் வந்தது. எந்த அளவுக்கு என்றால், யாரும் சிரிக்கவில்லை.

கடைசிக் கேள்வியில்தான் சிக்கல். உங்கள் குரல் உங்களுக்கு என்ன என்று நான் கேட்டதற்கு அக்கா என்ன சொன்னார்? மூன்று பேருக்கும் ஞாபகம் இல்லை. எனக்கு ஞாபகம் இருந்திருக்க வேண்டும், ஹெட்போன் என் காதில்தான் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் நான் என் கேள்வியின் அழகை மெச்சிக்கொண்டிருந்தேன். கடைசியில் நானே ஒரு பதில் எழுதினேன். “என் குரல்தான் என் அடையாளம். நான் இல்லாத தெருவிலும் நான் இருக்கிறேன்.” அதைக் கொசுவலைக் குரலில் கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. பரிசு கிடைக்கும் என்றுகூடத் தோன்றியது.

ரியாஸுக்கு மட்டும் முகம் சரியில்லை. “அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம் கௌசி.”

“மார்க் வந்தப்புறம் கேக்கலாம்டா.”

“அவங்க வெள்ளிக்கிழமை வருவாங்கள்ல?”

“உடம்பு சரியில்ல, வர மாட்டாங்கன்னு மேடம்கிட்ட சொல்லிட்டேன்.”

அவன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். “என் பேரைக் கேமராவுக்கு மட்டும் போடு. வேற எதுக்கும் போடாத” என்றான் வாசலில் நின்று. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது.

வெள்ளிக்கிழமை காலை. ஹாலில் நூறு பேர் இருப்பார்கள். எங்கள் படம் மூன்றாவது. முதல் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது வெளியே ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. மாரியண்ணன் இறங்கினார். மறுபக்கத்திலிருந்து, கழுத்தில் துண்டும் தலையில் பூவும் நல்ல புடவையுமாக விமலா அக்கா இறங்கினார்.

நான் ரியாஸைப் பார்த்தேன். “எத்தனை மணிக்குன்னு மெசேஜ் போட்டுக் கேட்டாங்க. சொன்னேன்” என்றான் அவன்.

அக்கா என்னிடம் வந்து நோட்டைப் பிரித்துக் காட்டினார். வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்திருந்தார்: “டாக்டர் பேசக் கூடாதுன்னுதான் சொன்னாரு. பாக்கக் கூடாதுன்னு சொல்லல.”

எங்கள் முறை வருவதற்கு இன்னும் ஐந்தாறு நிமிடங்கள்தான் இருந்தன. தம்பிகளே, தங்கைகளே, இந்த மாதிரி ஐந்து நிமிடம் உங்களுக்கும் வரும். அப்போது மூளை என்ன செய்யும் தெரியுமா? அக்காவால் இப்போது பேச முடியாது, அதனால் அது நான் சொன்னதில்லை என்று யாரிடமும் சொல்லவும் முடியாது என்று என் மூளை எனக்கு எடுத்துக் கொடுத்தது. ஒரு நொடி அது நல்ல யோசனை என்றுகூடத் தோன்றியது. மறு நொடி அக்காவின் தலையில் இருந்த பூவைப் பார்த்தேன்.

அக்காவை வராந்தாவின் மூலைக்கு அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கார்டை அழித்தது, மறைத்தது, மெஷினைப் பேச வைத்தது. சொல்லும்போது அழுகை வந்தது. அக்கா கையை நீட்டி ஹெட்போனைக் கேட்டார். மாட்டிவிட்டு லேப்டாப்பில் ஓட்டினேன்.

அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கண் விரிந்தது. பிறகு சிரிப்பு வந்தது. கடைசிக் கேள்வி வந்தபோது புருவத்தைச் சுருக்கி, நிறுத்து என்று கை காட்டிவிட்டு நோட்டில் எழுதினார்.

“அடையாளம்னா? ரேஷன் கார்டா?”

“இல்லக்கா... அது நான் எழுதினது. நீங்க நிஜமா என்ன சொன்னீங்கன்னு எங்களுக்கு ஞாபகமில்லை.”

அக்கா பேனாவைப் பிடித்தபடி கொஞ்சம் யோசித்தார். எழுதினார்.

“தெரியல பாப்பா, தொண்டை வலிக்குது, இன்னைக்கு இது போதுமான்னு கேட்டேன்.”

நான் அதை இரண்டு முறை படித்தேன். அவர் தொண்டை வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறார். என் காதுக்குள் சொல்லியிருக்கிறார். இரண்டு மணி நேரம் ஒருவரைப் பேச வைத்து, உலகத்தில் நான் ஒருத்தி மட்டுமே அவ்வளவு பக்கத்தில் கேட்கும்படி ஹெட்போன் மாட்டிக்கொண்டு, அதை நான் கேட்கவேயில்லை.

அக்கா அடுத்த வரி எழுதினார். “இதைச் செய்ய எவ்வளவு நேரம் ஆச்சு?”

“ஒரு மத்தியானம்க்கா.”

அவர் திரும்பி, வண்டிப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த மாரியண்ணனைப் பார்த்தார். பிறகு மெதுவாக எழுதினார். “உனக்கு மார்க் வேணும்னா போட்டுக்கோ. மாரியண்ணனுக்கு மட்டும் இது மெஷின்னு தெரிய வேணாம்.”

அவர் என்ன நினைத்துப் பயந்தார் என்று புரிய அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. ஒரு மத்தியானத்தில் அந்தக் குரல் கிடைக்குமென்றால் அப்புறம் எந்த வண்டிக்காரர் புத்தூருக்கு வரப் போகிறார்?

ஹாலுக்குள்ளிருந்து ஸ்ரீநிதி ஓடி வந்தாள். “அடுத்தது நாமதான்டி! ஃபைலைக் குடு!”

லேப்டாப்பில், படத்தோடு சேராமல் தனியாக இருந்த அந்தக் குரல் ஃபைலைத் தேர்ந்தெடுத்தேன். அழிக்கட்டுமா என்று கேட்டது. இந்த முறை காதில் பாட்டில்லை. அழித்தேன்.

“என்னடி பண்ணிண்டிருக்க? படத்துல சத்தமே இல்லையே!” ஸ்ரீநிதி கிட்டத்தட்ட அலறினாள்.

“அக்கா எழுதுவாங்க” என்றேன். அப்படி ஒரு யோசனை எனக்கு இருக்கிறது என்பது வாயைத் திறந்த பிறகுதான் எனக்கே தெரியும். “என்ன சொன்னாங்களோ அதை இப்பவே, இங்கயே எழுதுவாங்க. ரியாஸ், உன் போனை நோட்டுக்கு மேல பிடி. ரெண்டாவது புரொஜெக்டர் சும்மாதானே இருக்கு?”

ரியாஸ் என்னை ஒரு பார்வை பார்த்தான். அடுத்த நொடி வயரைத் தேடி ஓடினான். அக்கா மட்டும் தலையை வேகமாக ஆட்டி மறுத்தார். “எனக்குக் கையெழுத்து நல்லா இருக்காது” என்று எழுதினார். அந்தக் கையெழுத்து உண்மையிலேயே கோழி கிளறியது மாதிரிதான் இருந்தது. “பரவால்லக்கா, என் ஒலிப்பதிவும் நல்லா இருக்காது” என்றேன். அவர் பூவைச் சரி செய்துகொண்டு உள்ளே வந்தார்.

இடது பக்கத் திரையில் படம் ஓடத் தொடங்கியது. சத்தமே இல்லை. அக்கா பீரோவுக்குள் தலையை விடுகிறார். வலது பக்கத் திரையில் ஒரு பெரிய பேனா மெதுவாக எழுதியது: “இது நான். புடவைக்குள்ள இருக்கேன்.”

ஹாலில் யாரோ சிரித்தார்கள். அக்கா நிமிர்ந்து பார்த்தார். மறுபடி குனிந்தார். “சிரிக்காதீங்க. இதான் என் ஆபீஸ்.” இப்போது எல்லோரும் சிரித்தார்கள். முன் வரிசையில் ஒரு பெண் அதை வாய்விட்டுப் படித்தாள். அடுத்த வரியைப் பத்துப் பேர் படித்தார்கள். அதற்கடுத்த வரியை மொத்த ஹாலும் படித்தது. அக்காவுக்குப் பிடி கிடைத்துவிட்டது. பேனா வேகமெடுத்தது. எழுத்துப்பிழை வந்தால் அடித்துவிட்டுப் பக்கத்தில் ஒரு வெங்காயம் வரைந்தார். தன் குரலைக் கேட்டுத் தானே இரண்டு கிலோ வாங்கிய கதையை எழுதி, கடைசி வார்த்தையை மட்டும் எழுதாமல் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். நூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பேனாவைப் பார்த்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பின் வரிசையிலிருந்து மாரியண்ணன் கை தூக்கினார். “விமலாக்கா, இங்க தெரியல. கொஞ்சம் சத்தமா எழுதுங்க!”

ஹால் இடிந்து விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அக்கா அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, புதுப் பக்கம் முழுக்கப் பெரிய எழுத்தில், “வாங்கம்மா வாங்க!” என்று எழுதினார். நூறு பேரும் வெங்காய வண்டியாக மாறிக் கத்தினார்கள். பக்கத்துத் துறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு, சத்தம் வராமல், தோள் குலுங்கச் சிரித்தார். அப்படிச் சிரிக்கலாமா, டாக்டர் என்ன சொல்வாரோ என்று நான் பயந்தேன்.

படத்தில் கடைசிக் கேள்வி வந்தது. திரையில் அக்காவின் உதடு அசைகிறது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஹால் படித்தது: “தொண்டை வலிக்குது பாப்பா, இது போதுமா?” படம் முடிந்தது.

கைதட்டல் அடங்கியதும் மேடம் எழுந்தார். எங்களைப் பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன். அக்காவுக்கு வணக்கம் சொல்லி, அந்த நோட்டில் அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். “நீங்க சப்மிட் பண்ணின ஃபைல்ல ஒலியே இல்ல. ஒலிக்கு நான் பூஜ்யம்தான் போட முடியும். யாரு ஒலி?” கை தூக்கினேன். “நல்லா வாங்கியிருக்கம்மா இந்தப் பூஜ்யத்தை. பத்திரமா வச்சுக்கோ” என்றார். இன்னும் பத்திரமாக இருக்கிறது. ரியாஸ் மட்டும் ஹாலை விட்டு வெளியே வரும்போது, “டைட்டில்ல என் பேரை எதுக்கு வேணும்னாலும் போட்டுக்கோ” என்றான்.

இரண்டு வாரம் கழித்து ஸ்டூடியோக் கதவு திறந்தது. விமலா அக்கா. துண்டு இல்லை. குரல் திரும்பியிருந்தது, கொஞ்சம் கனமாக, அடியில் மணல் கலந்தது மாதிரி.

“பாப்பா, அந்த மெஷினை எனக்குக் கத்துக் குடு.”

“அதை அழிச்சிட்டேன்க்கா.”

“மறுபடி செய். இன்னைக்கு நீ செஞ்ச, நாளைக்கு வேற எவனாவது செய்வான். அதுக்கு முன்னாடி நானே செஞ்சு நானே வச்சுக்கறேன். எதை அது பேசணும், எதை நான் பேசணும்னு நான்தான் சொல்லணும்.”

மூன்று நாள் வந்தார். கொசுவலையை மெஷினுக்கே கொடுத்துவிட்டார். “அதைப் பேசினாலே எனக்குத் தூக்கம் வருது பாப்பா. அது பேசட்டும்” என்றார். பாய்க்கு மெஷின் பேசியதைக் கேட்டுவிட்டு, “இது பாய் விக்கல, மன்னிப்புக் கேக்குது” என்று தள்ளிவிட்டார். நாங்கள் மூன்று வருடம் படித்தும் ஒரு குரலைப் பற்றி இப்படி ஒரு வரி எழுதியதில்லை.

நான்காம் நாள் புது வெங்காயப் பதிவு. இந்த முறை பீரோ இல்லை, நம் ஸ்டூடியோ. அக்காவுக்கு ஒரு புது யோசனை. ஒரே குரல் கூவிக்கொண்டிருந்தால் போரடிக்கிறது. நடுவில் ஒரு வீட்டுக்காரப் பெண் வந்து விலை கேட்க வேண்டும்.

“அது நீதான் பாப்பா. வா.”

நான் மைக்குக்கு முன்னால் நின்றேன். ஒரே ஒரு வசனம். “அக்கா, கிலோ எவ்வளவுக்கா?” மேடை நாடகத்தில் நடிப்பவள் மாதிரி ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். அக்கா ஹெட்போனோடு தலையை ஆட்டினார். மறுபடி. குழைந்து சொன்னேன். மறுபடி. சோகமாகக்கூடச் சொல்லிப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரியாஸும் ஸ்ரீநிதியும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். எத்தனையாவது முறை என்றே தெரியவில்லை. அக்கா ஹெட்போனைக் கழற்றினார்.

“பாப்பா, உன் வீட்டுல இன்னைக்கு வெங்காயம் இருக்கா?”

யோசித்தேன். காலையில் அம்மா வாங்கி வரச் சொன்னார். மறந்தே போயிருந்தேன். “இல்லக்கா.”

“அப்ப கேளு.”

கேட்டேன். “அக்கா, கிலோ எவ்வளவுக்கா?”

அக்கா விலையைச் சொன்னார். அதுவும் அந்தப் பதிவில் இருக்கிறது. இப்போது உறையூர்ப் பக்கம் போகிற வண்டிகளில் அதைத்தான் போடுகிறார்கள். என் குரலைக் கேட்டு, நான்தான் வெங்காயம் வாங்குகிறேன் என்று நினைத்து என் அம்மா இரண்டு முறை வாசலுக்கு ஓடிவிட்டார்.